மெலிவிக்கும் மருந்துகளின் பின்விளைவுகள்: ஓர் ஆய்வு

உடற்பருமன் தானே ஒரு வியாதியா, அல்லது வேறு வியாதிகளுக்கு வித்தாகும் ஒரு சரீர நிலை மட்டுமா என்ற வாதம் வைத்திய உலகில் நெடுங்காலமாக நடந்துவருகிறது. ஆயினும், அதைக் குறைக்க ஒரு மருந்து வேண்டும் என்ற ஆவலுக்கு, அந்த வாதம் ஒரு முடிவுக்கு வரட்டும் என்று காத்திருக்கும் பொறுமை எக்காலத்திலும் இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தைராய்டுச் சுரப்பியின் சாரத்தை உண்ணக் கொடுத்த காலம் தொட்டு, வாரத்துக்கு ஒருமுறை தோலின் கீழ் ஏற்றிக்கொள்ளும் ஊசி வந்திருக்கும் இந்நாள் வரையில், இந்த நோக்கத்துடன் எத்தனையோ ஔஷதங்கள் தோன்றின. அவற்றுள் பல, லட்சக்கணக்கானோர் உட்கொண்ட பிறகு, இருதயத்தையோ நுரையீரலையோ கண்ணையோ மனத்தையோ கெடுத்தன என்று கண்டறியப்பட்டுச் சந்தையினின்று அகற்றப்பட்டன. வைத்தியர் சீட்டின்மேல் கொடுக்கப்படும் மருந்துகளில் வேறு எந்த வகுப்புக்கும் இவ்வளவு துர்ப்பாக்கியமான சரித்திரம் இருக்குமா என்பது சந்தேகமே.

இதற்கு வியாபாரிகளின் பேராசையையும் அதிகாரிகளின் அசட்டையையும் மட்டும் காரணமாகச் சொல்லி அமைந்துவிடுவது எளிது. அவை இரண்டும் சில சந்தர்ப்பங்களில் நீதிமன்றங்களிலேயே நிரூபணமாகியிருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் ஆழ்ந்து நோக்கினால் அவற்றுக்கும் அடியில் ஒரு காரணம் புலப்படும். பசி என்பது சரீரத்தில் தனக்கென ஓர் உறுப்பு உடையதன்று. மூளையும் குடலும் கணையமும் கொழுப்புத் திசுவும் ஓயாமல் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் செய்திகளாலேயே அது எழுகிறது, அடங்குகிறது. அந்தச் செய்திகளைச் சுமக்கும் ரசாயனப் பொருள்களோ, பசியோடு நில்லாமல், நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் மனநிலையையும் ஜீரணத்தையும் ஆள்கின்றன. ஏரியின் ஒரு மடையைத் திறந்தால் அதன் கீழுள்ள வயல்கள் அனைத்துக்கும் நீர் பாய்வதுபோல, பசிக்கென்று கொடுத்த மருந்து, அந்த ரசாயனம் எங்கெங்கே வேலை செய்கிறதோ அங்கெல்லாம் சென்று சேர்கிறது. எனவே, இம்மருந்துகளின் தீய விளைவுகளைத் தற்செயலான குறைகள் என்று கருதாமல், அவற்றின் நற்பயனை உண்டாக்கும் அதே செயலின் மற்றொரு தோற்றம் என்று கொண்டு ஆராய்வதே பொருத்தமாகும்.

வெப்பமாய்ச் செலவழித்த மருந்து

முதல் உலகப் போரின்போது பிரான்சு தேசத்து வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் டைநைட்ரோஃபீனால் என்னும் மஞ்சள் நிறப் பொருளைக் கையாண்ட தொழிலாளர்கள், காய்ச்சலும் வியர்வையும் கண்டு, உடல் இளைத்து, சிலர் மாண்டும் போயினர். இந்த அனுபவம் எச்சரிக்கையாய்க் கொள்ளப்பட்டிருக்க வேண்டும். ஆனால் 1933-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டெயின்டர், கட்டிங் என்ற இருவர் அதே பொருளை எடை குறைக்கும் மருந்தாகப் பிரயோகித்து, அதன் பலனைப் பிரசுரித்தனர். உண்ட உணவின் சக்தி உயிரணுக்களில் சேமிக்கப்படாமல் வெறும் வெப்பமாய் வெளியேறும்படி செய்வது அதன் இயல்பு. எடை குறைந்தது மெய்யே; ஆனால் அதே வெப்பம் அளவு மீறியபோது அதைத் தணிக்கும் மாற்று மருந்து ஒன்றும் இல்லாமையால் நோயாளிகள் சிலர் ஜுரவேகத்திலேயே இறந்தனர். எஞ்சியோரில் பலருக்கு, நடுத்தர வயதுப் பெண்களுக்குங்கூட, கண்புரை விரைந்து வளர்ந்தது. 1938-இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட உணவு, மருந்து, அழகுப் பொருள்கள் சட்டம் அதன் விற்பனைக்கு முடிவு கட்டிற்று. எனினும் அது மறைந்துவிடவில்லை. உடற்கட்டை விரும்பும் இளைஞர்களுக்குக் கள்ளத்தனமாக விற்கப்பட்டு இந்நூற்றாண்டிலும் உயிர்களைக் கவர்ந்துவருவதால், பிரிட்டன் 2023-இல் அதை விஷப்பொருள்களின் சட்டத்தின்கீழ்க் கொண்டுவர நேர்ந்தது.

மூளையைத் தொட்ட மருந்துகள்

உண்டதை எரிப்பதைவிட உண்ணும் ஆசையையே தணிப்பது மேல் என்ற கருத்தில் அடுத்து வந்தவை ஆம்ஃபெடமின் வகைகள். உறக்கத்தையும் சோர்வையும் விரட்டும் இம்மருந்துகள் பசியையும் மந்தமாக்கின. ஆனால் எந்தக் கிளர்ச்சியால் பசி மறந்ததோ அதே கிளர்ச்சியால் நெஞ்சு படபடத்தது, இரவு நித்திரை ஒழிந்தது, நாளடைவில் மருந்தின்றி இருக்க இயலாத அடிமைத்தனமும் சிலருக்குச் சித்தப்பிரமையும் உண்டாயின. 1960-களில் அமெரிக்காவின் எடை குறைப்பு நிலையங்கள் ஆம்ஃபெடமின், தைராய்டுச் சாரம், நீர் பிரியச் செய்யும் மருந்து, பேதி மருந்து, இருதய மருந்தான டிஜிட்டாலிஸ் ஆகியவற்றைப் பல வண்ண மாத்திரைகளாக்கி ஒருசேரக் கொடுத்துவந்தன. வானவில் மாத்திரைகள் என்று பெயர் பெற்ற இக்கலவையால் நேர்ந்த மரணங்களே 1968-இல் அந்நாட்டுச் செனட் சபை விசாரணை நடத்தக் காரணமாயின.

பிற்காலத்தில் வந்த இரண்டு மருந்துகள் இதே பாடத்தை நுட்பமாக மீண்டும் கற்பித்தன. சிபுட்ராமின் 1997-இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. நரம்புகளின் சந்திப்பில் நார்அட்ரினலின், செரடோனின் என்னும் ரசாயனங்கள் நெடுநேரம் தங்கும்படி செய்து வயிறு நிறைந்த உணர்வைத் தந்த அது, நார்அட்ரினலின் இயல்புக்கு ஏற்ப ரத்த அழுத்தத்தையும் நாடியையும் சிறிது உயர்த்தியது. அந்தச் சிறிய உயர்வு என்ன செய்யும் என்பதை அறிய, இருதய நோயோ நீரிழிவோ உடைய ஏறத்தாழ பத்தாயிரம் பேரிடம் நடந்த பரிசோதனையில், மாரடைப்பு, பக்கவாதம் முதலிய விபரீதங்கள் மருந்து உண்டவர்களில் 11.4 சதவீதத்தினருக்கும், உண்ணாதவர்களில் 10 சதவீதத்தினருக்கும் நேர்ந்ததாகத் தெரிந்தது. 2010-இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் அதை விலக்கின. 2011 பிப்ரவரியில் இந்திய அரசும் தடை விதித்தது.

ரிமோனபான்ட் என்பது மற்றொன்று. கஞ்சா உண்டவர்களுக்குப் பெரும்பசி எடுப்பதைக் கண்ட விஞ்ஞானிகள், அந்தப் பசி எழும் நரம்பு வாயிலை அடைத்தால் என்ன என்று எண்ணியதன் பயன் அது. 2006-இல் ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்டது. ஆனால் அதே வாயில் வழியாகவே மனிதனுக்கு வாழ்வில் உள்ள சாதாரண மகிழ்ச்சிகளும் வந்துகொண்டிருந்தன போலும். மருந்தை உண்டவர்களிடையே மனச்சோர்வும் கலக்கமும் இரட்டிப்பாயின, தற்கொலை எண்ணமும் தோன்றிற்று. அமெரிக்க ஆலோசகர்கள் 2007-இல் அதை ஏகமனதாக நிராகரிக்க, 2008 அக்டோபரில் ஐரோப்பாவும் அதை நிறுத்தியது.

இருதயத்தின் வால்வுகள்

இச்சரித்திரத்தின் மிகத் துயரமான அத்தியாயம் செரடோனின் என்ற ரசாயனத்தைச் சார்ந்தது. 1965-இல் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளில் விற்பனைக்கு வந்த அமினோரெக்ஸ் என்ற பசி அடக்கி, நுரையீரலுக்குச் செல்லும் ரத்தக்குழாய்களில் அழுத்தத்தை உயர்த்தும் அபூர்வமான, பெரும்பாலும் மீளமுடியாத நோயை அந்நாடுகளில் பன்மடங்கு பெருக்கிவிட்டுச் சில ஆண்டுகளிலேயே மறைந்தது. இதன் ஞாபகம் வைத்திய உலகில் மங்கியிருந்த காலத்தில், 1992-இல், ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைன்ட்ராப் என்பவர், ஃபென்ஃபுளூரமினையும் ஃபென்டர்மினையும் சேர்த்து 121 பேருக்குக் கொடுத்துக் கண்ட பலனை வெளியிட்டார். இவ்விரண்டும் தனித்தனியே முன்னரே அங்கீகாரம் பெற்றவை. சேர்த்துக் கொடுப்பதற்கு அங்கீகாரம் இல்லை. இருந்தும், 1996-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அமெரிக்காவில் இவற்றுக்காக எழுதப்பட்ட சீட்டுகள் ஒரு கோடியே எண்பது லட்சத்துக்கு மேற்பட்டன.

அம்மருந்துகளை உண்ட பெண்களின் இருதய வால்வுகள் தடித்து வெண்மையாகி ரத்தம் பின்னோக்கிக் கசிவதை முதலில் கவனித்தவர், வட டகோட்டா மாநிலத்தின் ஃபார்கோ நகரில் எக்கோ பரிசோதனை செய்துவந்த ஒரு மருத்துவமனை ஊழியர். அங்கும் மேயோ மருத்துவமனையிலும் கண்ட 24 பெண்களின் நிலைமை 1997-இல் பிரசுரமாயிற்று. நோய்க்குறி ஒன்றும் இல்லாதிருந்தவர்களைச் சோதித்தபோதும் ஏறத்தாழ முப்பது சதவீதத்தினரிடம் வால்வுக் கோளாறு காணப்பட்டது. செப்டம்பர் 15 அன்று ஃபென்ஃபுளூரமினும் அதன் சகோதர மருந்தும் திரும்பப் பெறப்பட்டன. மூளையில் பசியை ஆற்றும் செரடோனின் வாயிலைப் போன்றதொரு வாயில் இருதய வால்வுகளின் உயிரணுக்களிலும் உண்டு என்பதும், மருந்து அதையும் தூண்டி அவ்வணுக்களைப் பெருக்கியது என்பதும் பிறகுதான் விளங்கின.

இத்தனை தெரிந்த பின்பும், அதே குடும்பத்தைச் சேர்ந்த பென்ஃபுளூரெக்ஸ் பிரான்சில் நீரிழிவு மருந்து என்ற பெயரில் மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் விற்கப்பட்டது என்பது வியப்புக்கும் வேதனைக்கும் உரிய செய்தி. 1976 முதல் 2009 வரை, சர்க்கரை நோய் இல்லாத எத்தனையோ பேருக்கு அது உடல் மெலியவே எழுதிக் கொடுக்கப்பட்டது. பிரெஸ்ட் நகரத்து நுரையீரல் வைத்தியர் இரேன் ஃபிராஷோன் தம்மிடம் வந்த நோயாளிகளின் வால்வுகளைக் கண்டு ஐயுற்று, ஏடுகளைப் புரட்டி, அதிகாரிகளின் கதவைத் தட்டிய பிறகே அது நிறுத்தப்பட்டது. 2021 மார்ச்சில் பாரிஸ் நீதிமன்றம் அதைத் தயாரித்த செர்வியே நிறுவனத்தை வஞ்சனைக்கும் அஜாக்கிரதையால் விளைந்த மரணங்களுக்கும் குற்றவாளி என்று தீர்த்தது.

வால்வைத் தீண்டாமல் மூளையை மட்டும் தீண்டும்படி வெகு கவனமாய் அமைக்கப்பட்ட லார்காசெரின் 2012-இல் வந்தது. பன்னிரண்டாயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பரிசோதனையில் இருதயம் தப்பியது; ஆனால் மருந்து உண்டவர்களில் 7.7 சதவீதத்தினருக்கும் உண்ணாதவர்களில் 7.1 சதவீதத்தினருக்கும் புற்றுநோய் தோன்றியதாகக் கணக்கு காட்டியது. அந்தச் சிறு வித்தியாசத்தையும் புறக்கணிக்க மனமின்றி 2020 பிப்ரவரியில் அதைத் திரும்பப் பெறச் செய்தனர்.

குடலோடு நின்ற மருந்து

இவற்றுக்கெல்லாம் விலக்காக நிற்பது ஓர்லிஸ்டாட். ரத்தத்தில் பெரும்பாலும் கலவாமல் குடலிலேயே தங்கி, கொழுப்பைச் செரிக்கும் நொதியைத் தடுத்து, உண்ட கொழுப்பில் சுமார் மூன்றிலொரு பங்கைக் கழிவோடு வெளியேற்றுவது அதன் தொழில். ஆகவே அதன் தொல்லையும் குடலோடு நிற்கிறது: எண்ணெய்ப் பசையுள்ள மலம், அடக்கமுடியாத அவசரம், உள்ளாடையில் கறை. கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே உயிர்ச்சத்துக்களும் சிறிது வீணாவதால் அவற்றைத் தனியே உண்ண வேண்டியிருக்கும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சந்தையில் நிலைத்திருக்கும் இம்மருந்து குறைக்கும் எடையும் சொற்பமே. குறுகிய இடத்தில் வேலை செய்வது குறுகிய பலனையே தரும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இன்றைய ஊசிகள்

இந்தப் பின்னணியில்தான் இன்று பேசப்படும் செமாகுளூடைட், டிர்செபடைட் ஆகியவற்றை நோக்க வேண்டும். உணவு உண்டதும் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 முதலிய இயக்குநீர்களின் போலிகளான இவை, நீரிழிவு சிகிச்சைக்கே முதலில் வந்தன; செமாகுளூடைட் 2021-இலும் டிர்செபடைட் 2023-இலும் அமெரிக்காவில் எடை குறைப்புக்கு அங்கீகாரம் பெற்று, 2025-இல் முறையே வீகோவி, மவுன்ஜாரோ என்ற பெயர்களுடன் இந்தியச் சந்தைக்கும் வந்துசேர்ந்தன. 1,961 பேர் பங்குகொண்ட பிரசித்தமான பரிசோதனையில், 68 வாரங்களில் செமாகுளூடைட் உடலெடையைச் சராசரியாக 14.9 சதவீதம் குறைத்தது. வெற்று ஊசி இட்டுக்கொண்டவர்கள் இழந்தது 2.4 சதவீதம். முன்னோடிகள் எவற்றிலும் காணாத பலன் இது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே பரிசோதனையில் செமாகுளூடைட் பெற்றவர்களில் 44 சதவீதத்தினருக்குக் குமட்டலும், 31 சதவீதத்தினருக்கு வயிற்றுப்போக்கும், ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு வாந்தியும், அதற்குச் சற்றே குறைந்தவர்களுக்கு மலச்சிக்கலும் நேர்ந்தன. இரைப்பையிலிருந்து உணவு மெல்ல வெளியேறும்படி செய்வதாலும், மூளையில் போதும் என்ற உணர்வை எழுப்புவதாலும் எடை குறைகிறது. அந்தப் போதும் என்ற உணர்வு அளவுக்கு மிஞ்சியபோது குமட்டலாகவும், அந்த மந்தகதி மிஞ்சியபோது வாந்தியாகவும் வெளிப்படுகிறது. பெரும்பாலும் மருந்தின் அளவை உயர்த்தும் வாரங்களில் தோன்றி நாளடைவில் தணியும் இவ்வுபாதைகளைத் தவிர்க்கவே, 0.25 மில்லிகிராமில் தொடங்கி மாதத்துக்கு ஒருபடியாக ஏறி 2.4 மில்லிகிராமை அடையும் முறை வகுக்கப்பட்டது. வாந்தியும் பேதியும் ஓயாமல் தொடர்ந்து நீர் வற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படும். மருந்தின் வீரியம் பாதியாவதற்கே ஒரு வாரம் ஆகும்; ஆதலால் இன்று நிறுத்தினால் நாளை தொல்லை ஒழியும் என்று எண்ணலாகாது.

மாதங்களில் தோன்றும் விளைவுகள் வேறு. எடை விரைந்து குறையும்போது பித்தப்பையில் கற்கள் உண்டாவது எம்முறையில் மெலிந்தாலும் நேரக்கூடியதே. அப்பரிசோதனையில் பித்தப்பைக் கோளாறுகள் 2.6 சதவீதமும், வெற்று ஊசியினரிடம் 1.2 சதவீதமும் காணப்பட்டன. கணைய அழற்சி அரிது, ஆயினும் அபாயமானது. முதுகுவரை பாயும் கடுமையான வயிற்றுவலி வந்தால் ஊசியை நிறுத்தி வைத்தியரிடம் விரைய வேண்டும். சோதனையில் ஒரு சிறு பகுதியினரை எக்ஸ்ரே முறையால் அளந்தபோது, இழந்த எடையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு தசை முதலிய கொழுப்பற்ற திசுக்களே என்று தெரிந்தது. முதியவர்களுக்கு இது சிறு விஷயமன்று, புரதமும் தேகப்பயிற்சியும் இம்மருந்துடன் கட்டாயமாக இணைய வேண்டும் என்பதன் நியாயமும் இதுவே.

மிக அரிதானவற்றைப் பற்றிய செய்திகளில் உறுதியானதையும் ஐயத்துக்குரியதையும் பிரித்துக் காண்பது அவசியம். எலிகளுக்கு இம்மருந்து தைராய்டில் கட்டிகளை உண்டாக்கியது. மனிதர்களிடம் அது நிரூபணமாகாவிடினும், தமக்கோ குடும்பத்தினருக்கோ மெடுல்லரி வகைத் தைராய்டுப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இதைக் கொடுக்கலாகாது என்ற எச்சரிக்கை நிலவுகிறது. கண் நரம்புக்கு ரத்தம் தடைப்பட்டுத் திடீரெனப் பார்வை மங்கும் நோய், செமாகுளூடைட் உண்போரில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் வரை நேரக்கூடும் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2025-இல் முடிவு செய்தது. மறுபுறம், தற்கொலை எண்ணத்தை இது தூண்டுகிறதா என்ற கேள்விக்கு, கிடைத்த ஆதாரங்கள் அத்தகைய தொடர்பைக் காட்டவில்லை என்று அதே முகமை 2024-இல் விடையளித்தது. அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் உணவு எஞ்சியிருந்து மூச்சுக்குழலில் புகும் அபாயம் உண்டாகையால், ஊசி போட்டுக்கொள்வதை மயக்க வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. கருத்தரிக்க எண்ணும் பெண்கள் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே செமாகுளூடைட்டை நிறுத்திவிட வேண்டும். டிர்செபடைட்டோ கருத்தடை மாத்திரையின் பலனையே குறைக்கக்கூடியது.

எவருக்கு, எத்தனை காலத்துக்கு?

விளைவுகளின் பட்டியலை எவ்வளவு நீட்டினாலும், மருந்து நல்லதா கெட்டதா என்ற வினாவுக்கு அதிலிருந்து விடை பிறவாது. சிபுட்ராமினைப் போலவே செமாகுளூடைட்டும் இருதய நோயுள்ளவர்களிடம் சோதிக்கப்பட்டது. நீரிழிவு இல்லாத, ஆனால் பருமனும் இருதய நோயும் உடைய 17,604 பேரிடம், மாரடைப்பு, பக்கவாதம், இருதய மரணம் ஆகியவை 8 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாகக் குறைந்தன. அதே நேரத்தில், உபாதைகளால் மருந்தை நிறுத்தியவர்கள் 16.6 சதவீதம், வெற்று ஊசியினரில் அது 8.2 சதவீதம். ஒருமுறை மாரடைப்பு கண்டவருக்குச் சில வாரக் குமட்டல் நியாயமான விலை. பித்தப்பைக் கல்லும் சகிக்கத்தக்கதே. உடல் நிறை எண் 30-க்கு மேற்பட்டோருக்கும், 27-க்கு மேற்பட்டு ரத்த அழுத்தமோ நீரிழிவோ உடையோருக்கும் என்று இம்மருந்துக்கு எல்லை வகுத்திருப்பது இந்தக் கணக்கை வைத்தே. கல்யாணத்துக்கு முன் ஐந்து கிலோ குறைய வேண்டும் என்று வருகிற ஆரோக்கியமான இளைஞருக்கோ அதே விளைவுகள் உண்டு, ஈடாகப் பெறும் லாபம் இல்லை. அவருக்குக் கொடுப்பதற்கு எந்தப் பரிசோதனையும் ஆதாரம் தரவில்லை.

காலமும் கணக்கில் வந்தாக வேண்டும். ஊசியை நிறுத்திய ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது என்று மேற்சொன்ன பரிசோதனையின் தொடர்ச்சி காட்டிற்று. ஆதலால் இது சில மாதச் சிகிச்சையாக இராமல், ரத்த அழுத்த மாத்திரையைப்போல் நீடித்த சிகிச்சையாகிறது. அதை நீடித்து உண்ணும்போது, நீடித்த பிறகே தோன்றும் விளைவுகளுக்கும் இடம் உண்டாகிறது. வால்வுக் கோளாறு 121 பேரின் சோதனையில் தென்படவில்லை. லார்காசெரின் விஷயமோ பன்னிரண்டாயிரம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பின்னரே வெளிப்பட்டது. ஜிஎல்பி-1 வகை மருந்துகள் 2005 முதல் நீரிழிவில் பழகியிருப்பது ஓரளவு தைரியம் தருகிறது. ஆனால் இன்றைய உயர்ந்த அளவில், நோயற்றவர்களும் சேர்ந்து உண்ணும் இத்தனை பெரிய கூட்டத்தில், அந்த அனுபவம் இன்னும் இளமையானதே.

நூறாண்டு அனுபவத்தைத் தொகுத்து நோக்குகையில் மற்றுமொரு உண்மை தெளிவாகிறது. ஃபென்ஃபுளூரமினின் தீமையையும் பென்ஃபுளூரெக்ஸின் தீமையையும் கண்டுபிடித்தவை பெரிய பரிசோதனைகள் அல்ல. எக்கோ திரையை உற்றுப் பார்த்த ஓர் ஊழியரும், நோயாளி சொன்னதை அலட்சியம் செய்யாத ஒரு வைத்தியருமே. நம் நாட்டிலும் மருந்துகளின் தீய விளைவுகளைத் தொகுக்கும் திட்டம் 2010 முதல் நடைபெறுகிறது. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் அதன் தலைமையிடம். வைத்தியர்கள் மட்டுமின்றி நோயாளிகளும் அதற்கு எழுதலாம். வைத்தியர் சீட்டின்றி, நண்பர் சொல் கேட்டு, கடையில் கிடைத்த ஊசியை, போலியா என்றும் ஆராயாமல் ஏற்றிக்கொள்பவருக்குத் தீங்கு நேர்ந்தால், அது எந்தக் கணக்கிலும் சேராது. அவருக்கும் பயனில்லை, அடுத்து வருபவருக்கும் பாதுகாப்பில்லை. முறையான சீட்டும், உயரும் ஒவ்வொரு படியிலும் வைத்தியரின் கேள்வியும், நோயாளியின் ஒளிவற்ற விடையும், அவை எழுத்தில் பதியும் வழக்கமும் இருந்தால், இன்றைய மருந்தில் மறைந்திருக்கக்கூடிய குறை லட்சம் பேரைத் தொடுமுன் நூறு பேரிடமே வெளிப்பட்டுவிடும். அந்த ஏற்பாட்டை நாம் வளர்க்கிறோமா என்பதைப் பொறுத்தே, இந்த ஊசிகள் முன்னோடிகளின் வரிசையில் சேருமா, அன்றி அவற்றினின்று விலகி நிலைக்குமா என்பது தீர்மானமாகும்.